மலைத் தீயும் பொதுத் தரவும்: சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து ஒரு பார்வை

(சேலத்தில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மாசி பிறந்ததும் சேலம் நகரிலிருந்து வடக்கே பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. பொழுது சாய்ந்த பிறகு சேர்வராயன் மலையின் தெற்குச் சரிவில் செக்கச்செவேலென்று ஒரு கோடு தெரியும். ஒரு மணி நேரத்தில் அது இன்னும் மேலே ஏறியிருக்கும். கன்னங்குறிச்சியிலும் செட்டிச்சாவடியிலும் மொட்டை மாடியில் காற்றுக்கு உட்கார்ந்திருப்பவர்கள், “ஏற்காட்டு மலையில தீ புடிச்சிருக்கு” என்பார்கள். யாராவது கைபேசியில் படம் எடுப்பார்கள். மறுநாள் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரி வரும். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

அதே தீயை அதே இரவில், தரையிலிருந்து சுமார் 825 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் செயற்கைக்கோள்களும் பார்க்கின்றன. பார்த்ததை அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரத்தோடு எழுதி வைக்கின்றன. சில மணி நேரத்துக்குள் அந்தக் குறிப்பு இணையத்துக்கு வந்துவிடுகிறது. அதைப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, காசும் கொடுக்க வேண்டியதில்லை. வனத்துறை அதிகாரிக்குக் கிடைக்கும் அதே புள்ளி, கன்னங்குறிச்சி மொட்டை மாடிக்காரருக்கும் கிடைக்கும். இப்படி ஒரு வசதி இருப்பது இந்தச் சமவெளியில் எத்தனை பேருக்குத் தெரியும், தெரிந்தவர்கள் அதை என்ன செய்யலாம் என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

சமவெளி என்று சொன்னாலும் சேலத்தைச் சுற்றி மலைதான். வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நாமக்கல் பக்கம் வந்தால் கொல்லிமலை, போதமலை, நைனாமலை. ஏறக்குறைய எல்லாவற்றின் சரிவிலும் இலையுதிர் காடு அல்லது முட்காடு. தை மாதத்தில் இலை கொட்டத் தொடங்கினால் பங்குனிக்குள் கணுக்கால் புதையச் சருகு சேர்ந்துவிடும். இடையில் உண்ணிச்செடி புதர்கட்டிக் கிடக்கிறது. தரையில் ஓடும் தீ அதன் வழியாகத்தான் மரத்தின் கிளைக்குத் தாவுகிறது. கோடை மழை இரண்டு விழும்வரை இந்தக் காடுகள் ஒரு தீக்குச்சிக்குக் காத்திருக்கும் நிலைதான். அந்தக் குச்சியை உரசுவது பெரும்பாலும் மனிதக் கை. புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சல்காரர் வைப்பது, தேன் எடுக்கப் போனவர் விட்டுவந்த பந்தம், மலைப்பாதையோரம் சமைத்துச் சாப்பிட்டவர் அணைக்காமல் போன அடுப்பு, அணையாத பீடித்துண்டு. 1882ஆம் ஆண்டின் வனச்சட்டத்திலேயே காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம் என்று எழுதியாயிற்று. மலை இன்னும் எரிகிறது.

இனி அந்தப் புள்ளி எப்படி வருகிறது என்று பார்க்கலாம்.

எரியும் பொருள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட அகச்சிவப்பு அலைகளை மிகுதியாக வீசும். நான்கு மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய பட்டையில் தீ பளிச்சென்று தெரியும். 1999இல் ஏவிய டெர்ராவிலும் 2002இல் ஏவிய அக்வாவிலும் இருக்கும் மோடிஸ் கருவி இந்தப் பட்டையில் தரையை ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. 2011இல் சென்ற சுவோமி என்பிபி, 2017இல் சென்ற நோவா-20, 2022இல் சென்ற நோவா-21 ஆகிய மூன்றிலும் இருக்கும் விர்ஸ் கருவி 375 மீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. இந்த மூன்றும் பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டி ஒரு முறை, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியை ஒட்டி ஒரு முறை நம் தலைக்கு மேலே போகின்றன. நாசா தன் ஃபர்ம்ஸ் என்னும் தளத்தில் உலகம் முழுவதற்குமான தீப்புள்ளிகளை மூன்று மணி நேரத்துக்குள் வெளியிடுகிறது.

இந்தியாவுக்கு இதைவிடப் பயனுள்ள வழி ஒன்று உண்டு. ஐதராபாத் அருகே ஷாத்நகரில் தேசிய தொலையுணர்வு மையத்தின் தரைநிலையம் செயற்கைக்கோளிடமிருந்து நேரடியாகவே தரவை வாங்குகிறது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் அந்தப் புள்ளிகளைக் காப்புக்காட்டு எல்லைகளோடு பொருத்தி, எந்த மாநிலம், எந்த வனக்கோட்டம், எந்தச் சரகம், எந்தக் காவல் சுற்று என்று பிரித்துக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. 2004இல் மோடிஸ் தரவோடு தொடங்கிய பணி இது. 2017இலிருந்து விர்ஸ் தரவும் சேர்ந்தது. 2019 முதல் பெரிய தீயைத் தொடர்ந்து கண்காணிக்கும் ஏற்பாடும் வந்தது. வன அக்னி என்ற பெயரில் அந்நிறுவனத்துக்கு ஒரு வரைபடத் தளமும் இருக்கிறது. சேர்வராயன் தெற்குச் சரகத்தில் ஒரு புள்ளி விழுந்தால் அந்தச் சரகத்து அலுவலருக்குச் செய்தி போகும். வனத்துறையில் வேலை பார்க்காத ஒருவரும் தன் கைபேசி எண்ணைக் கொடுத்து, தனக்கு வேண்டிய பகுதியைக் குறிப்பிட்டுப் பதிந்துகொள்ளலாம். இந்த ஒரு வசதியை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் தகும்.

செய்தி வந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கத் தெரியவேண்டும். ஃபர்ம்ஸ் அட்டவணையில் ஒரு வரியைக் கற்பனை செய்துகொள்ளலாம். அட்சரேகை 11.74, தீர்க்கரேகை 78.19, நேரம் 0812, நம்பகம் நடுத்தரம், தீயாற்றல் இத்தனை மெகாவாட். முதல் இரண்டு எண்களும் ஏற்காட்டு மலையின் தெற்குப் பகுதியைக் காட்டுகின்றன. மூன்றாவது எண்ணில்தான் பலர் இடறுவார்கள். அது காலை எட்டே கால் மணி என்று தோன்றும். உண்மையில் அது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் பிற்பகல் 1 மணி 42 நிமிடம். காலையில் யார் அந்தப் பக்கம் போனார்கள் என்று விசாரிப்பதற்கும் உச்சி வெயிலில் யார் போனார்கள் என்று விசாரிப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு!

அடுத்தது, புள்ளி என்பது தீ எரியும் இடம் என்று எண்ணிவிடுவது. 375 மீட்டர்க் கட்டம் என்றால் ஏறக்குறைய 35 ஏக்கர். அந்த 35 ஏக்கருக்குள் எங்கோ வெப்பம் இருக்கிறது என்பதுதான் செயற்கைக்கோள் சொல்லும் செய்தி. புள்ளியைக் கட்டத்தின் நடுவில் வைப்பது கணக்கு வசதிக்காக. மோடிஸ் புள்ளியானால் அது 247 ஏக்கரின் நடு. கொல்லிமலை போன்ற இடத்தில் இந்த வித்தியாசத்துக்குள் ஒரு பள்ளத்தாக்கே அடங்கிவிடும். புள்ளியை நம்பி இந்தப் பக்கத்துச் சரிவில் ஏறிய காவலர், தீ எதிர்ச்சரிவில் எரிவதைப் பார்த்து நிற்க நேரும். இறங்கி ஏற இரண்டு மணி நேரம் போய்விடும்.

புள்ளிகளின் எண்ணிக்கையைத் தீக்களின் எண்ணிக்கையாக எழுதுவதும் செய்தித்தாள்களில் அடிக்கடி நடக்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2023–24 தீக்காலத்தில் நாடு முழுவதும் 2,03,544 தீப்புள்ளிகள் பதிவாயின. ஒரே தீ நான்கு கட்டங்களில் எரிந்தால் நான்கு புள்ளி. இரண்டு நாள் எரிந்தால் இன்னும் அதிகம். ஓராண்டோடு இன்னோராண்டை ஒப்பிடத்தான் இந்த எண் உதவும்.

பிறகு, காட்டுத் தீயே அல்லாத தீ. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இதற்குக் குறைவே இல்லை. மேட்டூர் அனல்மின் நிலையம், பொட்டனேரி இரும்பாலையின் ஊதுலை, செங்கல் சூளைகள் எல்லாமே வெப்பப்புள்ளிகளாகத் தோன்றக்கூடும். பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் கரும்பு வெட்டிய வயலில் சோகையைக் கொளுத்தினால் அதுவும் புள்ளிதான். டேராடூனிலிருந்து வரும் செய்தி காப்புக்காட்டு எல்லையைக் கொண்டு இவற்றை வடிகட்டிவிடுகிறது. ஃபர்ம்ஸ் தளத்தை நேரே திறப்பவருக்கு அந்த வடிகட்டல் கிடையாது. ஆண்டு முழுதும் ஒரே இடத்தில் மின்னும் புள்ளியை ஆலை என்றும், ஆற்றோரத்தில் அறுவடைக் காலத்தில் மட்டும் முளைப்பதைச் சோகை என்றும் கண்டுகொள்ள உள்ளூர் அறிவு வேண்டும். அது சேலத்துக்காரரிடம் இருக்கிறது, டேராடூனில் இல்லை.

செயற்கைக்கோளுக்குத் தெரியாமல் போகும் தீயும் உண்டு. பிற்பகல் மூன்று மணிக்குப் பிடித்து இரவு பத்து மணிக்குள் அணைந்த தீயை விர்ஸ் பார்த்திருக்கவே வழியில்லை. மேகம் மறைத்தால் தெரியாது. அடர்ந்த மரக்கூரையின் கீழ்ச் சருகில் நகரும் சிறு தீ பல சமயம் தப்பிவிடும். இன்சாட் வரிசையின் நிலைச் செயற்கைக்கோள்கள் அரை மணிக்கு ஒரு முறை படம் எடுத்தாலும், அவற்றின் அகச்சிவப்புக் கட்டம் நான்கு கிலோமீட்டர் அகலம். பெரிய தீக்கு மட்டுமே அது உதவும். ஆகவே ‘புள்ளி வரவில்லை, தீ இல்லை’ என்று எந்த அலுவலகமும் எழுதக்கூடாது. மாடியில் நின்று பார்ப்பவரின் தொலைபேசி அழைப்புக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது.

இவ்வளவு குறையையும் சொன்ன பிறகு, இந்தத் தரவின் உண்மையான பலத்துக்கு வரலாம். எரியும் நாளில் கிடைப்பதைவிட எரிவதற்கு முந்தைய மாதங்களில் கிடைப்பதே பெரிது.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி, ரேடார் கொண்டு உலகின் பெரும்பகுதி நிலத்தின் உயரத்தை அளந்தது. 30 மீட்டருக்கு ஓர் உயரம் என்ற அளவில் அந்தத் தரவு இன்று எல்லோருக்கும் கிடைக்கிறது. இஸ்ரோவின் புவன் தளத்தில் கார்ட்டோசாட் எடுத்த உயரத் தரவும் இருக்கிறது. கியூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளில் இதைப் போட்டால் ஒரு மலையின் எந்தச் சரிவு எத்தனை பாகை சாய்வு என்று வண்ணம் பிரித்துக் காட்டிவிடும். கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. ஆஸ்திரேலிய வனவியலாளர் ஆலன் மெக்ஆர்தர் வகுத்த ஒரு கணக்கைத் தீயணைப்போர் இன்றும் கைவிதியாக வைத்திருக்கிறார்கள். சரிவு பத்துப் பாகை கூடினால் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் இரு மடங்காகும். இருபது பாகைக்கு நான்கு மடங்கு. மனிதன் ஏற ஏற மூச்சு வாங்கி மெதுவாவான், தீயோ ஏற ஏற வேகம் எடுக்கும்.

இந்தக் கணக்கு எவ்வளவு கொடூரமானது என்பதைத் தமிழ்நாடு 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை பார்த்தது. தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் அருகே குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்தும் மலையேற்றத்துக்கு வந்திருந்த இரண்டு குழுக்கள் தீயில் சிக்கின. கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழி. ஆளுயரக் காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, பலத்த காற்று. சிலர் பள்ளத்தில் இறங்கினார்கள், சிலர் சிதறி ஓடினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அன்றும் அடுத்து வந்த நாட்களில் மருத்துவமனைகளிலுமாக 20க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் இளம் வயதினர். அரசு தன் மூத்த அதிகாரி அதுல்ய மிஸ்ராவைக் கொண்டு விசாரணை நடத்தியது. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு விதிகளும் வந்தன.

சரிவு எங்கே செங்குத்து, புல்வெளி எங்கே தொடர்ச்சி, பாறைத்திட்டு எங்கே, கீழே இறங்க எந்த வழி என்று காட்டும் ஒரு தாள் எந்த மலைக்கும் முன்கூட்டியே போடக்கூடியது. அதற்கு வேண்டிய தரவு அத்தனையும் 2018இலேயே பொதுவில் இருந்தது. அப்படி ஒரு தாளை வழிகாட்டியின் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றத் தடங்களை அறிவித்தது. சேலத்தின் ஏற்காட்டுப் பகுதியும் அதில் உண்டு. தடங்களை ஒழுங்குபடுத்தியது நல்ல காரியம். ஒவ்வொரு தடத்துக்கும் அந்தத் தாளும் இருக்க வேண்டும்.

எரிந்துமுடிந்த பிறகும் படங்கள் பேசும். அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் சேர்ந்தவை. 2008இல் அவற்றுக்கு விலை வைப்பதை அந்நாடு விட்டுவிட்டது. ஐரோப்பாவின் சென்டினல்-2 இணை 2015, 2017 ஆண்டுகளில் ஏவப்பட்டது. ஐந்து நாளுக்கு ஒரு முறை பத்து மீட்டர் நுணுக்கத்தில் அது தரும் படமும் இலவசம்தான். பிப்ரவரிப் படத்தையும் ஏப்ரல் படத்தையும் எடுத்து, அண்மை அகச்சிவப்பும் குறுகலை அகச்சிவப்பும் எப்படி மாறியிருக்கின்றன என்று ஒப்பிட்டால் எரிந்த வடு துல்லியமாகத் தெரியும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் எரிந்தபோது எரிந்த பரப்பைத் தேசிய தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டுதான் கணக்கிட்டது. கொல்லிமலைக்கும் சேர்வராயனுக்கும் பத்தாண்டு வடுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், திரும்பத் திரும்ப எரியும் சரிவுகள் எவை என்பது வெளிவந்துவிடும். தீத்தடுப்புக் கோடு வெட்டப் பணம் எப்போதும் கொஞ்சம்தான் வரும். அந்தக் கொஞ்சத்தை எங்கே செலவிடுவது என்பதை அந்த அடுக்கு சொல்லும்.

ஆனால் விண்ணிலிருந்து எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் தெரியாதவை சில உண்டு. ராசிபுரத்துக்கு அருகே போதமலை. அதன் மேலே கீழூர், மேலூர், கெடமலை என்னும் சிற்றூர்கள். நெடுங்காலம் சாலை கிடையாது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலைச்சுமையாகவே கொண்டுபோவார்கள். அந்த ஒற்றையடிப் பாதைகள் மரநிழலுக்குள் ஓடுகின்றன, படத்தில் தெரியாது. எந்த ஊற்றில் சித்திரையிலும் தண்ணீர் இருக்கும், எந்தப் பாறைமேல் நின்றால் மூன்று பக்கமும் பார்க்கலாம், எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார், எந்த வளைவில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் என்பதெல்லாம் அங்கே வாழ்பவருக்கு மட்டுமே தெரியும். தீயை அணைக்கப் போகும் குழுவுக்கு, 375 மீட்டர்ப் புள்ளியைவிட இந்த நான்கும்தான் முதலில் வேண்டும்.

இவற்றை வரைபடத்தில் ஏற்றவும் வழி திறந்திருக்கிறது. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேண்டுமானாலும் பாதையும் ஊற்றும் ஊர்ப்பெயரும் சேர்க்கலாம். ஒரு காலத்தில் இந்திய நில அளவைத் துறையின் தாள்களைப் பார்ப்பதற்கே அனுமதி தேவைப்பட்ட நாடு இது. 2021 பிப்ரவரி 15 அன்று அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அந்தக் கெடுபிடியைப் பெருமளவு தளர்த்தின. 2022 டிசம்பரில் தேசியப் புவியிடக் கொள்கையும் வந்தது. சட்டம் வழிவிட்டாயிற்று. சேலத்திலும் நாமக்கல்லிலும் இத்தனை பொறியியல் கல்லூரிகளும் கலைக் கல்லூரிகளும் இருந்தும், மலைச்சரிவின் பாதைகள் வரைபடத்தில் பெரும்பாலும் வெறுமையாகக் கிடப்பது வருத்தத்துக்குரியது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஒரு முகாம் போதும், ஒரு மலையின் பாதைகளை ஜிபிஎஸ் கொண்டு பதிந்துவிடலாம். வனத்துறையின் ஒப்புதலோடு, தீக்காலத்துக்கு முன்பு, மலைவாழ் மக்களை வழிகாட்டிகளாக வைத்து, அவர்களுக்கு உரிய கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

மலைவாழ் மக்களின் அறிவும் செயற்கைக்கோள் தரவும் ஒன்றையொன்று மறுப்பவை என்ற எண்ணம் படித்தவர்களிடம் இருக்கிறது. வட ஆஸ்திரேலியாவைப் பார்த்தால் அது மாறும். அங்கே ஆர்னம் நிலத்தின் மேற்குப் பகுதியில், 2006இலிருந்து நடந்துவரும் திட்டம் ஒன்றில் பூர்வகுடி வனக்காவலர்கள் வறட்சி முற்றுவதற்கு முன்பே, ஈரம் இருக்கும்போதே, சிறு சிறு தீயாக வைத்துப் புல்லைக் குறைக்கிறார்கள். முன்னோர் செய்த முறை அது. எங்கே வைத்தாயிற்று, எங்கே பாக்கி என்று பார்க்க அவர்கள் பயன்படுத்துவது, நாஃபி என்னும் பொதுத் தளத்தில் வரும் செயற்கைக்கோள் தீப்படங்களை. பெருந்தீ குறைந்ததால் அந்தச் சமூகங்களுக்கு வருமானமும் வந்தது. சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் வாழும் மலையாளி மக்களுக்குத் தம் சரிவுகளின் புல்லும் காற்றும் தெரியாததா? அந்த முறையை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. நம் சட்டமும் காடும் வேறு. ஆனால் கிராம வனக்குழுக் கூட்டத்தில் கடந்த பத்தாண்டு எரிவடு வரைபடத்தை ஒரு பெரிய தாளில் அச்சிட்டு விரித்துவைத்து, “இந்த இடம் ஏன் ஆண்டுதோறும் எரிகிறது?” என்று கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. கேட்டால் பதில் வரும். மேய்ச்சல் தகராறோ, எல்லைத் தகராறோ, துடைப்பப்புல் எடுப்பதோ, சுற்றுலா வண்டிகளோ காரணமாக வெளிவரும். காரணம் தெரிந்தால் பாதித் தீயைப் பேசியே தடுக்கலாம்.

இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வனக்காப்பாளருக்குப் பல சதுர கிலோமீட்டர் பொறுப்பு. கையில் பச்சைத் தழைக்கொப்பும், கிடைத்தால் ஓர் ஊதுகருவியும். கூட வருவது தினக்கூலிக்குச் சேர்ந்த தீத்தடுப்புக் காவலர்கள். 2024 ஜூனில் உத்தராகண்டின் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கப் போன வனத்துறைப் பணியாளர் நால்வர் அன்றே இறந்தார்கள். தரவு தாராளமாகக் கிடைக்கும் காலத்திலும் சரிவில் ஏறுவது இந்த மனிதர்கள்தாம். அவர்கள் ஏறுமுன் எந்தப் பக்கம் ஏறக்கூடாது என்று சொல்லிவிடுவதே வரைபடத்தின் முதல் கடமை. ஆகவே மாவட்ட நிர்வாகங்கள் செலவிட வேண்டியது இன்னொரு செயலிக்கு அல்ல. சரகத்துக்கு ஒரு நல்ல அச்சுத்தாள், அதைப் படிக்க ஒரு நாள் பயிற்சி, சிக்னல் இல்லாத இடத்துக்கு வாக்கிடாக்கி, ஏறுபவருக்குக் காப்பீடு. இந்த வரிசையில் செலவிட்டால் உயிர் மிஞ்சும்.

தீக்காலம் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. பாதைகளையும் ஊற்றுகளையும் குறிக்க ஏற்ற மாதங்கள் மார்கழியும் தையும். கல்லூரி ஆசிரியர்கள் அதற்குள் ஒரு மலையைத் தேர்ந்துகொள்ளட்டும். ஏற்காட்டு அடிவாரத்திலும் காரவள்ளியிலும் வடுகத்திலும் உள்ள ஊராட்சித் தலைவர்கள் இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் தங்கள் எண்ணைப் பதிந்துகொள்ளட்டும். இதை வாசிப்பவர்களும் பதியலாம். முதல் செய்தி வரும் நாளில் நேரே மலைக்கு ஓட வேண்டாம். உங்கள் சரகத்து வன அலுவலகத் தொலைபேசி எண்ணை இன்றே வாங்கி வைத்திருந்து, அந்த எண்ணை அழையுங்கள்.